பதினொரு மாத வீடு: கோந்த்வாவில் மரத்தரையும் அமைதியும் வாடகைக்கு

‘கோந்த்வாவில் வீடு வாடகைக்கு’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தக் கோந்த்வா என்பதுதான். புனே நகரின் தென்கிழக்கு மேட்டில் கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என்று ஒட்டினாற்போல இரண்டு ஊர்கள். மேற்கே கடக்வாஸ்லா அணைக்குப் போகிற பக்கம் கோந்த்வே தாவடே என்று இன்னொன்று. அதற்கும் இவற்றுக்கும் நடுவே பாதி நகரம் கிடக்கிறது. சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்துகொண்டு, போட்டோவை மட்டும் பார்த்து டோக்கன் அட்வான்ஸ் அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை அனுப்பக் கூடாது.

தென்கிழக்கில் உள்ள இரண்டு கோந்த்வாக்களும் 1997இல் புனே மாநகராட்சியில் சேர்ந்தன. அடுத்துள்ள உண்ட்ரி 2017இலும், அதையொட்டிய பிசோளி 2021இலும் சேர்ந்தன. வீடு தேடுகிறவர் இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் விளங்கும். இந்தப் பக்கத்தில் கட்டடம் முதலில் எழும்பும். சாலை, சாக்கடை, குழாய்த் தண்ணீர் எல்லாம் மாநகராட்சி எல்லை நகர்ந்து வந்த பிறகு, பல ஆண்டுகள் கழித்து ஒவ்வொன்றாக வந்து சேரும். கோந்த்வாவில் இன்றும் எத்தனையோ முகவரிகள் சர்வே எண்ணோடுதான் எழுதப்படுகின்றன. அவை இந்த இடம் விளைநிலமாக இருந்தபோது போட்ட எண்கள்.

இங்கே வந்து குடியேறியவர்கள் பல திசைகளிலிருந்து வந்தார்கள். ரிசர்வ் வங்கி 1969இல் தொடங்கிய தேசிய வங்கி மேலாண்மைக் கழகத்தின் வளாகம் கோந்த்வா குர்த்தில் இருக்கிறது. பகுதியின் முக்கியச் சாலைக்கே அதன் பெயர்ச்சுருக்கம் நிலைத்துவிட்டது, என்.ஐ.பி.எம். சாலை. பக்கத்து வானவடியில் ராணுவ மருத்துவக் கல்லூரி. ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்காக எழுந்த சாளுங்கே விஹார் குடியிருப்பும் அருகில்தான். கேம்ப் பகுதியிலும் பழைய பேட்டைகளிலும் இடநெருக்கடிப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பெரிய எண்ணிக்கையில் கவுசர் பாக் சுற்றுப்புறத்துக்கு வந்தன. புத்ருக் பக்கம் பொறியியல் கல்லூரிகள் வந்ததும் மாணவர்கள் வந்தார்கள். மகர்பட்டாவிலும் புர்சுங்கியிலும் ஐ.டி. வளாகங்கள் திறந்ததும் நம்மவர்களும் வரத் தொடங்கினார்கள். கடக்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, தென்பிராந்திய ராணுவத் தலைமையகம், ராஸ்தா பேட்டை என்று முந்தைய தலைமுறைத் தமிழர்களுக்கு வேறு முகவரிகள் இருந்தன. இன்றைய தமிழ்க் குடும்பம் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, வாடகை வீட்டில் வாழ்க்கையைத் தொடங்குகிற குடும்பம்.

அப்படி வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ‘மாஸ்டர் பெட்ரூமில் உட்டன் ஃப்ளோரிங்’ என்ற வரி. வீட்டுக்கு வாடகை கூடுவதற்கு இந்த ஒரு வரி காரணமாகிறது. அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது சண்டை மூள்வதற்கும் இதுவே காரணமாகிறது. ஆகவே தரையிலிருந்தே தொடங்குகிறேன்.

புனேக்கு மரம் புதிதல்ல. பேஷ்வாக்களின் சனிவார் வாடா மாளிகை 1732இல் எழுந்தபோது தேக்கு ஜுன்னர் காடுகளிலிருந்து வந்தது, கல் சிஞ்ச்வட் குவாரிகளிலிருந்து வந்தது. 1828 பிப்ரவரியில் பிடித்த தீயில் உள்ளே இருந்த மர வேலைப்பாடெல்லாம் போய், கற்சுவர்களும் வாசல்களும் மிஞ்சின. பழைய வாடா வீடுகளிலும் மரம் தூணாகவும் உத்திரமாகவும் மேல்தளத்தைத் தாங்கும் சட்டமாகவும் இருந்தது. நடக்கிற தரை பெரும்பாலும் ஷாஹாபாத் கல்தான். அது கர்நாடகத்தின் கலபுரகிப் பக்கத்துக் கல், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பளிச்சென்று ஆகிவிடும். செட்டிநாட்டிலும் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம்: தூணுக்கு பர்மா தேக்கு, காலடியில் ஆத்தங்குடிக் கல். மரத்தை நிறுத்தி வைத்தார்கள், தலைக்கு மேலே வைத்தார்கள்; ஈரம் படுகிற இடத்தில் வைக்கவில்லை. ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்களில் மரத்தரை இருந்ததற்கு அந்த ஊர்க் குளிர் காரணம்.

இன்று கோந்த்வாவில் மரத்தரை என்று காட்டப்படுவது நான்கு வெவ்வேறு பொருள்களாக இருக்கலாம். முழு மரப்பலகை மிக அரிது, சொந்தத்துக்குக் கட்டிக்கொண்ட சில பங்களாக்களில் கிடைக்கும். அடுத்தது, ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிய உண்மை மரத்தோல் ஒட்டியது. மூன்றாவது லேமினேட், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த அட்டைப்பலகையின் மேல் மரம் போன்ற அச்சும் மெலமைன் பூச்சும் கொண்டது. நான்காவது, மரம் போலத் தோன்றும் வினைல் பலகை அல்லது விட்ரிஃபைட் டைல்ஸ். பில்டர் கொடுத்த ‘உட்டன் ஃப்ளோரிங்’ அனேகமாக மூன்றாவது வகையாகத்தான் இருக்கும். வகை எதுவென்று கண்டுபிடிக்க, அறை வாசலில் டைல்ஸும் பலகையும் சந்திக்கிற இடத்தில் வைத்திருக்கும் உலோகப் பட்டையின் ஓரத்தைப் பாருங்கள். பலகையின் வெட்டுமுகம் அங்கே தெரிய வாய்ப்புண்டு. அப்படித் தெரியாவிட்டால் பலகைகளின் கோலத்தைப் பாருங்கள். ஒரே முடிச்சு, ஒரே ரேகை நாலைந்து பலகைக்கு ஒருமுறை திரும்ப வந்தால் அது அச்சு.

லேமினேட் தரையின் வாழ்வும் சாவும் தண்ணீரில்தான். ஏழெட்டு மில்லிமீட்டர் பலகையை ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பூட்டி, கீழே மெல்லிய நுரைப்பாய் விரித்து, சுவரோரம் ஒரு விரல் நுனி போகிற அளவு இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைப்பார்கள். பலகை விரிவதற்கான இடம் அது. புனேயில் ஏப்ரல் மதியக் காற்று உதட்டை வெடிக்க வைக்கும் அளவுக்கு வறண்டிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் காற்றே ஈரத்துணியாகி, காயப்போட்ட சட்டை இரண்டு நாள் ஆனாலும் காயாது. இந்த இரண்டுக்கும் நடுவில் பலகை ஆண்டுதோறும் விரிந்து சுருங்குகிறது. இடைவெளி விடாமல் போட்டிருந்தால் மழைக்காலத்தில் இரண்டு பலகை சேருகிற இடம் கூரைபோல மேலெழும்பி நிற்கும். தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் விளிம்பு ஊதும். ஊதியது காய்ந்த பிறகும் பழையபடி அமுங்காது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், வேறெங்கிருந்தும் இல்லை, நம் வீட்டு வழக்கத்திலிருந்துதான். காலையில் வேலைக்கு வரும் அக்கா வாளித் தண்ணீரில் துணியை முக்கி வீடு முழுக்க ஒரே வேகத்தில் துடைத்துக்கொண்டு வருவார். டைல்ஸுக்கு அது சரி. லேமினேட்டுக்கு அது தினசரி விஷம். பால்கனிக் கதவை ஒட்டிய முதல் இரண்டு வரிசைப் பலகைகள், குளியலறை வாசல், ஏ.சி. தண்ணீர்க் குழாய் இறங்கும் மூலை ஆகிய இடங்களில்தான் சேதம் முதலில் தெரியும். வீடு பார்க்கப் போகும்போது அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நடந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பாதத்துக்குத் தெரியும். விரல் கணுவால் தட்டினால் சில இடங்களில் மட்டும் வெற்று ஒலி கேட்கும். மெத்தையோ பாயோ விரித்திருந்தால் தூக்கிப் பார்க்கச் சங்கடப்பட வேண்டாம். நம்மவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை உண்டு. குத்துவிளக்கு எண்ணெய் பலகை இடுக்கில் இறங்கினால் கறை போகாது, கீழே தாம்பாளம் வேண்டும். கிரைண்டரை மரத்தரை அறையில் வைக்கவே கூடாது.

இவ்வளவு தொல்லை என்றால் இதற்கு ஏன் ஆசைப்பட வேண்டும் என்று கேட்கலாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் புனேயின் குளிர் பத்து டிகிரிக்கு இறங்கும். விட்ரிஃபைட் டைல்ஸில் காலை வைத்தால் எலும்பு வரை ஏறும். குழந்தை தவழ்கிற வீட்டிலும் மூட்டுவலிக்கார அம்மா இருக்கிற வீட்டிலும் மரத்தரை அறை பெரிய உதவி. நல்லதுதான். ஆனால் இந்த நல்லதற்கு வாடகை கொடுக்கிறவர், ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் பில்டர் போட்ட மலிவுப் பலகையின் முதுமைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க நேர்வதுதான் அநியாயம். நாலு பலகை ஊதியிருந்தால் நாலு பலகையை மாற்றலாமே என்றால், அந்த நிறமும் கோலமும் கம்பெனி நிறுத்திவிட்டது, முழு அறையையும் மாற்ற வேண்டும் என்பார் ஓனர். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், ஏனென்றால் லேமினேட் கோலங்கள் அடிக்கடி மாறுகின்றன. முழு அறைச் செலவும் அட்வான்ஸிலிருந்து கழிகிறது.

இங்கேதான் சட்டம் வருகிறது. மகாராஷ்டிரத்தில் நாம் கையெழுத்திடும் தாள், தமிழ்நாட்டு வாடகை ஒப்பந்தத்திலிருந்து அடிப்படையிலேயே வேறானது. அதற்கு லீவ் அண்ட் லைசன்ஸ் என்று பெயர். குத்தகையில் குடியிருப்பவருக்கு அந்த இடத்தின்மேல் ஓர் உரிமை பிறக்கிறது. லைசன்ஸில் பிறப்பதில்லை, 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி அது வெறும் அனுமதி. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1947இன் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை உறையவைத்து, குடியிருப்பவரைக் கிளப்ப முடியாமல் செய்தது. ஓனர்கள் அதிலிருந்து தப்ப ‘லைசன்ஸ்’ என்று எழுதத் தொடங்கினார்கள். தாளின் தலைப்பு முக்கியமல்ல, உள்ளடக்கமே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 1959இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் சொன்னது. 1973 பிப்ரவரி 1ஆம் தேதி குடியிருந்த லைசன்ஸ்காரர்களை வாடகைதாரர்களாகவே கருத வேண்டும் என்று மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. ஓனர்கள் பயந்து வீடுகளைப் பூட்டிவைத்தார்கள். பூட்டிக் கிடக்கும் வீடு யாருக்கும் பயன்படாது என்பதை ஏற்றுக்கொண்டு வந்ததுதான், 2000 மார்ச் 31 முதல் நடப்பில் உள்ள மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999.

அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவை வாடகைக்குப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். லைசன்ஸ் காலம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்யாவிட்டால் இரட்டிப்பு வாடகை தர வேண்டும். ஓனர் சிவில் நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை. இதற்கென்றே நியமிக்கப்பட்ட தகுதி அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் போதும். எதிர்த்து வழக்காட விரும்பும் குடியிருப்பாளர் முதலில் அதற்கே அனுமதி கேட்டு, நோட்டீஸ் வந்த முப்பது நாளுக்குள் பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்தில் உள்ள லைசன்ஸ் ஒப்பந்தம் அதில் சொல்லப்பட்டவற்றுக்கு முடிவான சான்று என்று அதே பிரிவு சொல்கிறது. வாயால் பேசியது எதுவும் அந்த மேசையில் எடுபடாது.

இந்தக் கடுமையை நான் குறை சொல்லவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. அதே நகரங்களில் நூற்றுக்கு இருபத்தேழுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகையில் இருந்தன. வீடு திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் துபாயிலோ பெங்களூரிலோ இருக்கிற ஓனர் கோந்த்வா ஃபிளாட்டை வாடகைக்கு விடுவார். அந்த நம்பிக்கையைச் சட்டம் கொடுத்தது, வீடுகளும் சந்தைக்கு வந்தன. என் வருத்தம், வீட்டைத் திரும்பப் பெற விரைவு வழி போட்ட சட்டம், அட்வான்ஸைத் திரும்பப் பெற அப்படி ஒரு வழியைப் போடவில்லை என்பதுதான். தகுதி அதிகாரியிடம் ஓனர் போகலாம். தொண்ணூறாயிரம் ரூபாயில் அறுபதாயிரத்தைத் தரைக்கென்று பிடித்துக்கொண்டார் என்று குடியிருந்தவர் அங்கே போக முடியாது. வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் நீதிமன்றம் என்ற நீண்ட பாதைதான் அவருக்கு. புது வேலை, புது ஊர் என்று கிளம்பியவர் அந்தப் பாதையில் இறங்குவதில்லை. ஓனருக்கும் அது தெரியும்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 55ஆம் பிரிவு. பதிவு செய்யும் பொறுப்பு ஓனருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தில் தகராறு வந்தால், மாறாக நிரூபிக்கும் வரை குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே செல்லும். அது நமக்குச் சாதகம் என்று நினைத்துப் பதிவைத் தவிர்க்க வேண்டாம். கேஸ் இணைப்பு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் முகவரி எல்லாவற்றுக்கும் பதிவான ஒப்பந்தம்தான் கேட்பார்கள். ஒரு வருடத்துக்கு உட்பட்ட குத்தகைக்குப் பதிவு வேண்டாம் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் நிழலில் பிறந்த பதினொரு மாத வழக்கம், எல்லாவற்றையும் பதிய வேண்டிய மகாராஷ்டிரத்திலும் பழக்கமாகவே நீடிக்கிறது. அறுபது மாதம் வரைக்கும் எழுதிக்கொள்ளலாம். ஆனாலும் பதினொன்று முடிந்ததும் வாடகையை ஏற்றவும் புரோக்கர் மறுபடி கமிஷன் வாங்கவும் இந்தக் கணக்கு வசதியாக இருக்கிறது. கோந்த்வாவில் புரோக்கர் கமிஷன் பொதுவாக ஒரு மாத வாடகை.

பதிவுச் செலவைப் பெரிதாகச் சொல்லிப் பயமுறுத்துகிற ஏஜெண்டுகள் உண்டு. கணக்கு எளிது. மாதம் 30,000 ரூபாய் வாடகை, 90,000 அட்வான்ஸ், பதினொரு மாதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வாடகை 3,30,000. அட்வான்ஸுக்கு ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று கணக்கிட்டால் 8,250. இரண்டையும் கூட்டி அதில் கால் சதவீதம் முத்திரைத் தீர்வை. எண்ணூற்று ஐம்பது ரூபாய்க்குள் வருகிறது. மாநகராட்சி எல்லைக்குள் பதிவுக் கட்டணம் ஆயிரம் ரூபாய். ஆதாரும் கைரேகையும் வைத்து வீட்டிலிருந்தே முடித்துக்கொள்ளும் வசதியை மாநிலப் பதிவுத் துறை கொடுத்திருக்கிறது. மேற்கொண்டு கேட்கும் பணத்தில் பெரும்பகுதி ஏஜெண்டின் உழைப்புக்கு. அது எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம். மாத வாடகை ஐம்பதாயிரத்தைத் தாண்டினால், குடியிருப்பவரே வரி பிடித்தம் செய்து கட்ட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 2024 அக்டோபர் முதல் அது இரண்டு சதவீதம், அதற்கு முன் ஐந்து.

அமைதிக்கு வருவோம். விளம்பரத்தில் ‘அமைதியான சூழல்’ என்று போட்டிருக்கும். ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடியாத பொருள் இது ஒன்றுதான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. சாத்தாரா நெடுஞ்சாலையையும் சோலாப்பூர் நெடுஞ்சாலையையும் இணைக்கும் காத்ரஜ்–கோந்த்வா சாலையை ஒட்டிய கட்டடத்தில் இந்த வரம்புக்கு அர்த்தமே இல்லை. கனரக லாரிகள் நகருக்குள் போகாமல் சுற்றிப் போகிற வழி அது. 84 மீட்டர் அகலத்துக்குத் திட்டமிட்டு, நிலம் கையகப்படுத்த முடியாமல் 50 மீட்டராகக் குறைத்து, அப்புறமும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த சாலை. அதே கோந்த்வாவில் என்.ஐ.பி.எம். சாலையிலிருந்து பிரியும் முட்டுச் சந்துகளில், ராணுவ நிலத்தின் மரங்களை ஒட்டிய கட்டடங்களில், மதியம் இரண்டு மணிக்குக் குயில் கூவுவது கேட்கும். இரண்டுக்கும் வாடகை வித்தியாசம் சில ஆயிரம்தான். வீட்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுவார்கள். நீங்கள் வாரநாள் இரவு பதினோரு மணிக்கு ஒருமுறை போய்க் கீழே நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொரு ஓசை டேங்கர். ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் அளவுகோல். நூறு வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 54,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கரில் ஐந்து நடைக்கு மேல். மாநகராட்சிக் குழாய் முழுதாக எட்டாத உண்ட்ரி, பிசோளிப் பக்கத்துச் சொசைட்டிகளில் கோடையில் விடிகாலையிலேயே டேங்கர் பின்வாங்கும் பீப் சத்தமும் பம்பு ஓடும் சத்தமும் தொடங்கிவிடும். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிற முதல் மாடி ஃபிளாட்டுக்கு அது அலாரம். ஆகவே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, டேங்கர் செலவு மெயின்டனன்ஸில் சேர்ந்ததா அல்லது தனியா என்று கேட்பது பணத்துக்கு மட்டுமல்ல, தூக்கத்துக்கும் ஆன கேள்வி. கேட்க வேண்டிய ஆள் ஓனர் அல்ல; அவர் அங்கே குடியிருந்திருக்கவே மாட்டார். வாட்ச்மேனைக் கேளுங்கள், உண்மை தெரியும்.

மரத்தரைக்கும் ஓசைக்கும் உறவு உண்டு. நுரைப்பாயின் மேல் கிடக்கும் லேமினேட், காலடிச் சத்தம் கீழ் வீட்டுக்கு இறங்குவதை ஓரளவு தடுக்கும். ஆனால் அறைக்குள்ளேயே டொக் டொக்கென்று மத்தளமாக ஒலிக்கும். உங்களுக்கு மேல் வீட்டில் டைல்ஸ் தரை இருந்து, அவர்கள் நாற்காலியை இழுத்தால் நீங்கள் வாங்கிய அமைதி போய்விடும்.

சொசைட்டி என்பது ஓனருக்கு அடுத்த வாசல். 1960ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்த அமைப்புகள், வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வசூலிக்கும் கூடுதல் கட்டணம் சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மாநில அரசு 2001இல் உத்தரவிட்டது. அதைக் கட்ட வேண்டியவர் ஓனர். ஒப்பந்தத்தில் ‘மெயின்டனன்ஸ் லைசன்ஸ்காரர் பொறுப்பு’ என்று மொத்தமாக எழுதி இதையும் நம் தலையில் கட்டிவிடுவார்கள், வரியைப் படித்துக் கையெழுத்திடுங்கள். குடிவருபவரின் விவரத்தைக் காவல் துறைக்குத் தெரிவிப்பதும் ஓனரின் கடமை. 2010 பிப்ரவரியில் கோரேகாவ் பார்க் ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்துப் பதினேழு பேர் இறந்த பிறகு புனேயில் இது கறாராகிவிட்டது.

ஆனால் சொசைட்டி வாசலில் சட்டத்தில் இல்லாத கேள்விகளும் நிற்கின்றன. பேச்சிலரா, சைவமா, என்ன பெயர். கோந்த்வாவைப் பற்றி எழுதும் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. நகரின் வேறு பகுதிகளில் பெயரைச் சொன்னதும் ‘வீடு போய்விட்டது’ என்று கேட்டவர்கள்தான் ஒரு கட்டத்தில் கோந்த்வாவுக்கே வந்து சேர்ந்தார்கள். பிறகு, கோந்த்வா முகவரி உள்ளவர் என்பதே இன்னொரு இடத்தில் வீடு மறுக்கக் காரணமாகிறது. சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் தில்லியைச் சுற்றிய ஐந்து நகரப் பகுதிகளில் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. ஒரே தகுதியுள்ள ஆட்கள் வெவ்வேறு பெயர்களில் வாடகைக்கு வீடு கேட்டபோது தலித்துகளும் முஸ்லிம்களும் கூடுதலாக மறுக்கப்பட்டார்கள், கிடைத்த இடங்களிலும் கூடுதல் நிபந்தனைகளைச் சுமந்தார்கள் என்று அது காட்டியது. புனேயில் வீடு தேடிய எவரும் அந்த முடிவைப் பார்த்து வியப்படைய மாட்டார்கள். ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம் தன் சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்புரிமை என்று விதி வைத்துக்கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. வாடகை மறுப்பைத் தண்டிக்கவென்றே தனிச் சட்டம் எதுவும் மகாராஷ்டிரத்தில் இல்லை. தமிழர்களாகிய நமக்கு இந்த வாசல் பெரும்பாலும் திறக்கிறது, ‘சவுத் இந்தியன் ஃபேமிலி, அமைதியானவர்கள்’ என்ற நற்பெயரால். அந்தச் சலுகையை வாங்கிக்கொண்டு, அடுத்தவருக்குச் சாத்தப்படும் கதவைப் பார்க்காததுபோல் இருப்பது நமக்கு அழகல்ல.

கோந்த்வாவில் வாடகை ஒப்பந்தமே இல்லாமல் குடியிருந்தவர்களும் உண்டு. 2019 ஜூன் 29ஆம் தேதி விடிவதற்குள், தொடர்மழையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் சரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் வளாகத்தில், தகரக் கொட்டகைகளில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் குடும்பங்கள் மேல் அது விழுந்தது. பதினைந்து பேர் இறந்தார்கள், குழந்தைகளும் உண்டு. பெரும்பாலோர் பீகாரிலிருந்து வந்தவர்கள். கோந்த்வாவின் குடியிருப்பைப் பற்றிப் பேசும்போது அந்தத் தகரக் கொட்டகைகளும் குடியிருப்புகள் என்பதை விட்டுவிட முடியாது. நமக்கு முந்நூறு ரூபாய்த் தரைப்பலகைக்குச் சண்டை போட ஒரு தாளாவது இருக்கிறது.

அட்வான்ஸ் விஷயத்தில் நாட்டில் மாற்றம் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சட்டம், அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகை என்று அளவு வைத்தது. சென்னையில் பத்து மாதம் கொடுத்துப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும், தாளில் உள்ள அந்த அளவு தெருவில் எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதும் தெரியும். மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாதம் என்கிறது. மாநிலங்கள் ஏற்றால்தான் அது செல்லும். புனேயில் வழக்கம் இரண்டு, மூன்று மாதம் என்பதால் தொகையின் அளவு அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. எதற்காக எவ்வளவு பிடிக்கலாம் என்பதுதான் சிக்கல். குத்தகைக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: நியாயமான தேய்மானம் போக மற்றபடி வாங்கிய நிலையில் திருப்பித் தந்தால் போதும். லைசன்ஸ்காரர் அந்தப் பிரிவின் நிழலில் நிற்கவில்லை. அவருக்கு ஒப்பந்தத்தில் ‘இயல்பான தேய்மானம் நீங்கலாக’ என்ற மூன்று சொல் இருந்தால்தான் உண்டு.

மின்பதிவு ஒப்பந்தத்தின் கடைசியில் ஓர் அட்டவணை வருகிறது. மின்விசிறி ஐந்து, டியூப்லைட் நாலு, கீசர் ஒன்று, வார்ட்ரோப் இரண்டு என்று எண்ணிக்கை போட்டிருக்கும். எண்ணிக்கை மட்டும்தான், எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு சொல் இருக்காது. முடிவான சான்றாக நிற்கப் போகிற தாளில் தரையைப் பற்றி ஒன்றுமே இல்லை. இன்றைய நிலையில் குடியேறுகிறவர் செய்யக்கூடியது, பதிவுக்கு முன்பே இன்னொரு வரி சேர்க்கச் சொல்வது: ‘மாஸ்டர் பெட்ரூம் லேமினேட் தரை, பால்கனி ஓரம் ஆறு பலகை விளிம்பு ஊதியுள்ளது, நடுவில் ஒரு கீறல்.’ சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு பலகை வரிசையையும் ஓனரோ அவர் ஆளோ பக்கத்தில் இருக்கும்போதே வீடியோ எடுத்து, அன்றே அவருக்கு அனுப்பி, ‘பார்த்தேன்’ என்று ஒரு பதில் வாங்குவது. முழு அறை மாற்றினால் யார் பங்கு எவ்வளவு, தரையின் வயதைக் கழிக்க வேண்டுமா என்பதையும் அதே தாளில் எழுதுவது. ஓனர் முகம் சுளித்தால், பதினொரு மாதம் கழித்து எப்படிப் பேசுவார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

மாநில அரசு செய்யக்கூடியது இதைவிட எளிது. பதிவுத் துறையின் படிவத்தில் ‘எண்ணிக்கை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘நிலை’ என்று இன்னொரு கட்டம் சேர்த்து, தரை, சுவர், கதவு மூன்றையும் கட்டாயமாக்கலாம். படம் இணைக்க இடம் விடலாம். ஓனர் மனுக் கொடுக்கும் அதே தகுதி அதிகாரியிடம் குடியிருந்தவரும் அட்வான்ஸுக்கு மனுக் கொடுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கலாம். முப்பது நாள் கெடு இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும்.